ஆக்சிஜனேற்ற அழுத்தம்

செப்புக் குடத்தில் களிம்பு ஏறினால் புளி போட்டுத் தேய்ப்போம். அந்தக் களிம்பை ஏற்றும் ஆக்சிஜனின் பெயருக்குள்ளும் புளிப்பு இருக்கிறது. 'ஆக்சிஸ்' என்றால் கிரேக்கத்தில் கூர்மை, புளிப்பு. அமிலங்களுக்கெல்லாம் ஆக்சிஜனே காரணம் என்று தவறாக எண்ணிய வேதியியலாளர் லவாய்சியர் 18ஆம் நூற்றாண்டில் வைத்த பெயர் அது. கருத்து பொய்த்தது, பெயர் நிலைத்துவிட்டது.

உயிரணு ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் எடுக்கும்போது எளிதில் வினைபுரியும் சில மூலக்கூறுகள் மிஞ்சும். குளுட்டாதயோன் போன்ற காவல் பொருள்கள் அவற்றை அடக்கும். காவல் குறைந்தாலோ மிச்சம் பெருகினாலோ கொழுப்பும் புரதமும் மரபணுவும் சிதையும். இந்தச் சமன்குலைவை ஆய்வாளர் ஹெல்முட் சீஸ் 1985இல் 'ஆக்சிஜனேற்ற அழுத்தம்' என்ற பெயரால் வரையறுத்தார்.

மனச்சிதைவு நோயிலும் இந்தச் சமன்குலைவுக்குப் பங்கு உண்டா என்று பார்த்தபோது, நோயாளர் பலரிடம் குளுட்டாதயோன் குறைந்திருப்பதைச் சில ஆய்வுகள் காட்டின. மூளை ஆக்சிஜனை மிகுதியாகச் செலவழிக்கும் உறுப்பு, கொழுப்பும் அதில் அதிகம். ஆதலால் சேதம் எளிது. பேச்சு வற்றுவது, எதிலும் நாட்டமின்றி ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பது போன்ற அறிகுறிகளோடு இந்தச் சேதத்துக்குத் தொடர்பு உண்டா என்று தேடுகிறார்கள். குளுட்டாதயோன் உருவாக உதவும் என்-அசிடைல்சிஸ்டீன் என்ற மருந்து சிலருக்குச் சிறிது பலன் தந்தது. ஆனால் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. வழக்கமான மருந்தை நிறுத்த அது காரணமாகாது.

'அழுத்தம்' என்ற சொல்தான் எனக்கு உறுத்துகிறது. "நாங்கள் கொடுத்த அழுத்தமா, டாக்டர்?" என்று ஒரு தாய் கலங்கக்கூடும். இல்லை அம்மா, இது வீட்டில் பேசிய பேச்சின் அழுத்தம் அல்ல. உயிரணுவுக்குள் ஏறும் களிம்பு.