மோட்டார் சைக்கிளுக்குக் கார் எண்ணெய் ஊற்றலாமா?

ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்கு நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் வேலைக்குச் செல்வோர் பலர். வண்டி நின்றால் அன்றைய வேலை கெடும். ஆகவே, எண்ணெய் வாங்கும்போது விலையை மட்டும் பார்க்க வேண்டாம்.

காரில் என்ஜினுக்கும் கியருக்கும் தனித்தனி எண்ணெய். பெரும்பாலான நான்கு ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்களிலோ என்ஜின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான். எரிபொருளை மிச்சப்படுத்த, சில கார் எண்ணெய்களில் உராய்வைக் குறைக்கும் பொருள் சேர்க்கப்படுகிறது. அது கிளட்ச் தட்டுகளை வழுக்கச் செய்யலாம். எனவே, புட்டியில் ‘ஜாசோ எம்ஏ’ அல்லது ‘எம்ஏ2’ என்ற குறியீடு இருக்கிறதா எனப் பாருங்கள். ‘எம்பி’ பெரும்பாலும் கியரில்லா ஸ்கூட்டர்களுக்கானது.

‘10டபிள்யூ-40’ என்பதில் முதல் எண், குளிர்ந்த நிலையில் எண்ணெய் ஓடும் தன்மையைக் குறிக்கிறது. அடுத்தது, 100 டிகிரி செல்சியஸில் அதன் தடிப்பு. நம் வெயிலுக்குத் தடித்த எண்ணெயே நல்லது எனச் சொல்வதுண்டு. ஆனால், அளவுக்கு மீறித் தடித்த எண்ணெய், வண்டியை முடுக்கியதும் உறுப்புகளை எட்டத் தாமதமாகும். தேய்மானம் அதிகம் நேர்வது அப்போதுதான். வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணையே பின்பற்றுங்கள்.

சிறிய மோட்டார் சைக்கிள்களில் ஏறக்குறைய 1 லிட்டர் எண்ணெய்தான் இருக்கும். சற்றுக் குறைந்தாலும் பாதிப்பு பெரிது. அளவை அடிக்கடி சரிபார்ப்பது நல்லது.