பஞ்சம் தந்த பாதை

கிருஷ்ணகிரிக்கு இரயில் உண்டா என்று கேட்டால், "இல்லை" என்பர் இளைஞர். "இருந்தது" என்பர் முதியோர். இரண்டும் உண்மை! 1905 இல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், 1906 இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கும், 1913 இல் தருமபுரியிலிருந்து ஓசூருக்கும் இரண்டரை அடி அகலக் குறும்பாதையில் இரயில் ஓடிற்று.

வெள்ளையன் ஏன் போட்டான்? நம்மீது கொண்ட காதலாலா? அன்று! பஞ்சப் பாதுகாப்புப் பாதை என்பதே அதற்கு அவன் சூட்டிய பெயர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பஞ்சம் சூறையாடிற்று. இலட்சக்கணக்கானோர் மாண்டனர். நிவாரண வேலைக்கு வந்த ஆடவனுக்கு 1877 இல் அளந்த கூலி, நாளொன்றுக்கு ஒரு இராத்தல் தானியம், அதனோடு ஓரணா. அன்றிருந்த இரயிலோ, காசிருந்த இடத்திற்குத் தானியத்தைக் கொண்டுசென்றது. பசித்தவன் கையில் காசில்லை! 1880 இல் பஞ்சக் கமிஷன் மேலும் பாதைகள் போடச் சொல்லிற்று. அந்த எண்ணத்தின் பிள்ளையே நம் குறும்பாதை.

இரண்டாம் உலகப் போர் மூண்டது, தண்டவாளம் பெயர்க்கப்பட்டது. பஞ்சத்தின் பெயரால் வந்தது, போரின் பெயரால் போயிற்று! நம்மைக் கேட்டா கொணர்ந்தனர்? கேட்டா கொண்டுசென்றனர்? ஓசூருக்குப் பின்னர் வேறு பாதை வந்தது, ஆலைகள் எழுந்தன. கிருஷ்ணகிரி நகரோ, 2004 இல் மாவட்டத் தலைநகரான பின்னும், இரயிலின்றியே நிற்கிறது.

பழைய நிலையங்களைப் பேணுவது நன்று. பாரிசில் 1900 இல் எழுந்த ஓர்சே நிலையம், நடைமேடை நீளம் போதாமையால் 1939 இல் தொலைதூர வண்டிகளை இழந்தது. 1986 இல் கலைக்கூடமாக மறுவாழ்வு பெற்றது. 1856 இல் திறந்த நம் இராயபுரம் நிலையத்தின் தூண்கள் இன்றும் நிமிர்ந்து நிற்கின்றன.

ஆனால், தோழர்களே, பேணுவது தூண்களை மட்டுமா? அந்நாளில் நிலையச் சிற்றுண்டிச் சாலையில் பிராமணாளுக்கு ஓரிடம், இதராளுக்கு வேறிடம்! வண்டி ஒன்று, புகை ஒன்று, கட்டணம் ஒன்று. இட்டிலிக்கு மட்டும் வருணம்! பெரியாரின் கிளர்ச்சிக்குப் பின்னர், 1941 இல் அக்கொடுமை அகன்றது. தூணைக் காட்டி அந்தப் பலகையை மறைப்பது வரலாறு ஆகுமா?

கோயில் மதிலில் கொடுத்த மன்னனுக்குக் கல்வெட்டு உண்டு. மண் சுமந்தவனுக்கு ஏது? பாதை சென்ற ஊர்தோறும் ஒரு கல் நடுவோம். பஞ்சத்தின் ஆண்டையும், ஓரணாக் கூலியையும், பெயர்த்த தண்டவாளத்தையும் அதில் பொறிப்போம். நினைவுக்கல் கேட்கும் அதே குரலில் கிருஷ்ணகிரிக்கு இரயிலும் கேட்போம். பழையதைப் போற்றுவது புதியதைப் பெறுவதற்கே!