கேப்பிடல் எழுத்து கத்தலான கதை

ஆங்கில மின்னஞ்சலை முழுக்கக் கேப்பிடலில் தட்டினால், "ஏன் கத்துகிறாய்?" என்பார்கள். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே கிடையாது. வங்கிப் படிவங்களிலும் கேப்பிடலில் நிரப்பியே பழகியவர்கள் நாம். அதில் என்ன கோபம்?

கொஞ்சம் பின்னால் போவோம். 1963ல் வந்த டெலிடைப் 33 இயந்திரம் கேப்பிடல் மட்டுமே அடிக்கும். அதே ஆண்டு வெளியான ஆஸ்கி குறியீட்டிலும் சின்ன எழுத்து இல்லை. 1967 திருத்தத்தில்தான் சேர்ந்தது. அப்போது கேப்பிடல் என்பது கோபம் அல்ல, வேறு வழியில்லாமை!

இரண்டும் கைக்கு வந்த பிறகு, கேப்பிடலில் எழுதுவது நாமே தேர்ந்தெடுப்பது ஆகிவிட்டது. 1980களில் யூஸ்நெட் குழுக்களில் அதற்குக் 'கத்தல்' என்று பொருள் வந்தது. 1995 அக்டோபரில் ஆர்.எஃப்.சி. 1855 என்ற இணைய நாகரிகக் கையேடு அதை எழுதியே வைத்தது.

அமெரிக்க தேசிய வானிலை சேவையோ, டெலிபிரிண்டர் காலத்துப் பழக்கத்தில் 2016 மே வரை கேப்பிடலிலேயே முன்னறிவிப்பு அனுப்பியது. பிறகு, பெரிய ஆபத்தை அழுத்திச் சொல்வதற்கு மட்டும் அதை வைத்துக்கொண்டது.

நமக்கும் அதுதான் பாடம், நண்பர்களே. வேலைக்கு விண்ணப்பிக்கும் கடிதத்தில் வாக்கியத்தின் முதல் எழுத்துக்கும் பெயர்களுக்கும் கேப்பிடல் போதும். எந்நேரமும் கத்தினால், புயல் வரும்போது எப்படிக் கத்துவது?