வங்காள நாவலில் குடும்பமும் பெண்ணும்

விதவா விவாகத்துக்கு 1856-ஆம் ஆண்டிலேயே சட்டம் இடமளித்துவிட்டபோதிலும், வங்காளத்துக் கூட்டுக் குடும்பம் அதனை மனத்தால் ஏற்கவில்லை என்பதற்கு அம்மொழியின் தொடக்ககால நாவல்களே சாட்சி. பங்கிம் சந்திர சட்டோபாத்தியாயரின் 'விஷவிருக்ஷ'த்தில் (1873), நகேந்திரனை மறுமணம் புரிந்த குந்தநந்தினி விஷமருந்தி மாய்கிறாள். 'கிருஷ்ணகாந்தனின் உயி'லில் (1878) விதவை ரோகிணியை, அவளை அழைத்துச் சென்ற கோவிந்தலாலனே சுட்டுக் கொல்கிறான். குடும்ப தர்மத்தின் பொருட்டு ஆசிரியர் அவ்விருவரையும் பலியிட்டார் எனலாம். ஆயினும், அவர்தம் ஆசைகளும் மனிதருடைய ஆசைகளே என்று வாசகருக்கு உணர்த்தியவரும் அவரே.

ரவீந்திரநாத தாகூர் இம்முடிவை மாற்றினார். 1903-இல் நூலாக வெளிவந்த 'சோக்கேர் பாலி'யின் விநோதினி, பிஹாரி மணக்க முன்வந்தும் மறுத்துக் காசிக்குச் செல்கிறாள். 1914-இல் வெளியான 'ஸ்திரீர் பத்ர' என்னும் சிறுகதையோ இன்னும் துணிவுடையது: பதினைந்து ஆண்டு இல்லறம் நடத்திய மிருணாள், தன்னை அண்டிய அநாதைப் பெண் பிந்துவைக் குடும்பத்தார் ஒரு பித்தனுக்கு மணமுடிக்க, அவள் தீயில் மாண்ட செய்தி கேட்டபின், பூரியிலிருந்து கணவனுக்குக் கடிதம் எழுதி, அவ்வீட்டின் இரண்டாவது மருமகளாக இனித் திரும்புவதில்லை என்று அறிவிக்கிறாள்.

சரத் சந்திரர், சமூகம் ஒதுக்கிய ஸ்திரீகளுக்காக வாசகரைக் கண்ணீர் சிந்த வைத்தார். ஆனால் அப்பெண்கள் பெரும்பாலும் ஆடவனுக்குப் பணிவிடை செய்வதிலேயே நிறைவு காண்கின்றனர்.

அந்தப்புரத்தை உள்ளிருந்தே எழுதியவர் ஆசாபூர்ணா தேவி (1909–1995). பள்ளிக்கூடம் செல்ல அனுமதிக்கப்படாத இவர், 'பிரதம பிரதிசுருதி' (1964), 'சுவர்ணலதா', 'பகுள் கதா' என்னும் மூன்று நாவல்களில் தாய், மகள், பேத்தி என மூன்று தலைமுறைகளைத் தொடுத்தார். மகளைப் படிக்கவைக்க விரும்பிய சத்தியவதி, தனக்குத் தெரியாமல் மாமியார் அச்சிறுமிக்கு விவாகம் முடித்துவிட்டதை அறிந்ததும் வீட்டையே துறந்து வெளியேறுகிறாள். அம்மகள் சுவர்ணலதாவோ, தெருவை நோக்கிய ஒரு வராந்தாவுக்காக ஏங்கி, கணவனால் ஏமாற்றப்பட்டு, பிற்காலத்தில் தான் எழுதி அச்சேற்றிய வாழ்க்கை நினைவுகளை வீட்டார் நகைத்தபோது, பிரதிகள் அனைத்தையும் தீயிலிடுகிறாள். அவள் மகள் பகுளுக்கு விவாகமில்லை, அவள் எழுத்தாளராகிறாள். கொடுமை இழைப்போர் அசுரரல்லர், சம்பிரதாயத்துக்குக் கட்டுப்பட்ட சாமானியரே, பல சமயம் பெண்களே என்பதை இத்தனை நுட்பமாகக் காட்டியவர் வங்காளத்தில் வேறெவருமில்லை என்பது நம் துணிபு. 'பிரதம பிரதிசுருதி'க்காக 1976-ஆம் ஆண்டின் ஞானபீடப் பரிசு இவருக்கு அளிக்கப்பட்டது. அப்பரிசைப் பெற்ற முதல் பெண்மணி இவரே.