தொப்பிக்குள் கைவிட்ட கதை

கோல்ஃபில் ‘ஹேண்டிகேப்’ என்பது திறமை குறைந்தவருக்குத் தரப்படும் சலுகை அடிகளின் கணக்கு. எண் குறையக் குறைய ஆட்டம் தேறுகிறது என்று பொருள். சொல் பிறந்ததோ புல்வெளியில் அல்ல. தொப்பிக்குள் கைவிட்டுப் பண்டம் மாற்றிக்கொண்ட பழைய ஆங்கிலேயப் பந்தயத்தில். அங்கிருந்து குதிரைப் பந்தயம் வழியாகக் கோல்ஃபுக்கு வந்தது.

முதலில் கிளப்புக்குக் கிளப் வேறு வேறு கணக்கு. 1893இல் பிரிட்டனில் தொடங்கிய மகளிர் கோல்ஃப் சங்கத்தின் செயலர் இஸெட் பியர்சன்தான் பிடிவாதமாக நின்று, பெண்களுக்கு நாடெங்கும் ஒரே முறையை உருவாக்கினார். ஆண்கள் மெதுவாகத்தான் வந்தார்கள்!

கணக்கு சரி, குணம்?

கடைசிவரை அமெச்சூராகவே ஆடிய அமெரிக்கர் பாபி ஜோன்ஸ் இளமையில் பெரிய கோபக்காரர். 1921 பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியில், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில், 11ஆம் குழியில் பொறுமையிழந்து பந்தைக் கையில் எடுத்துவிட்டார். போட்டியில் அவர் கணக்கு அதோடு முடிந்தது. வயது 19.

நான்கே ஆண்டுகளில் வேறு மனிதர். 1925 அமெரிக்க ஓப்பனில், புல்லில் கிடந்த பந்து லேசாக அசைந்தது. வேறு யாரும் பார்க்கவில்லை. அவரே சொல்லி ஓர் அடி அபராதம் ஏற்றார். அந்த ஓர் அடி இல்லாதிருந்தால் கோப்பை அவருடையது. சமநிலையில் முடிந்து, கூடுதல் ஆட்டத்தில் வில்லி மெக்ஃபர்லேனிடம் தோற்றார்.

1927இல் அதே செயின்ட் ஆண்ட்ரூஸில் ஓப்பன் பட்டம் வென்றார். அங்கே 10ஆம் குழிக்கு இன்று அவர் பெயர்தான்.