கலப்பவர் பெயரும் சீவுபவர் கையும்

இருவேறு புட்டிகளிலுள்ள விஸ்கியை அளந்து கலந்து, தம் நாவுக்கேற்ற சுவையொன்றை வீட்டிலேயே ஆக்கிப் பார்ப்பது வசதிபடைத்தோரின் பொழுதுபோக்குகளுள் ஒன்று. பம்பலப்பிட்டி மாடிவீட்டில் ஒருவர் இதில் இறங்கினால், அளவுக் குவளை, குறிப்பேடு, பொறுமை ஆகிய மூன்றே போதும். இளையதன் காரத்தை முதிர்ந்தது தணிக்கும். கலந்த உடனே தீர்ப்புக் கூறாது சில வாரங்கள் மூடிவைத்துச் சுவைக்க வேண்டும். தீங்கற்ற கலையென்றே தோன்றும். ஆயினும் இக்கலைக்கு ஒரு வரலாறு உண்டு. உழைத்தவர் யார், பெயர் பெற்றவர் யார் என்னும் வினா அவ்வரலாற்றின் நடுவே நிற்கிறது.

ஸ்கொட்லாந்தில் விஸ்கிக் கலப்பை வளர்த்தவர்களுள் மளிகை வணிகர் முக்கியமானவர். மதுவரி அதிகாரியாயிருந்த அயர்லாந்துக்காரர் ஒருவர் 1830இல் காப்புரிமை பெற்ற தொடர்வடிப்பு உலை, மலிவான தானிய விஸ்கியைப் பெருக்கிற்று. அதனை முளைதானிய விஸ்கியுடன் வரிகட்டுமுன்பே பண்டகசாலையில் கலக்க 1860ஆம் ஆண்டுச் சட்டம் இடங்கொடுத்தது. எடின்பரோவில் அஷரும், கில்மார்னொக் மளிகைக்கடையில் வோக்கர் குடும்பத்தினரும் இவ்வழியே பெருவணிகராயினர். புட்டியில் கடைக்காரர் பெயர் ஏறியது. வடித்தவன் பெயர் மறைந்தது.

கிளாஸ்கோ மளிகைக்காரரான தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கினார். கலந்து கட்டிய தேயிலைப் பொதிகளில் அவர் பெயர் உலகெங்கும் சென்றது. கொழுந்து பறித்த தமிழ்ப் பெண்ணின் பெயர் எந்தப் பொதியிலும் ஏறவில்லை.

நம் நாட்டுச் சாராயத்தின் கதையும் இதுவே. களுத்துறைக் கரையோரத்தில் தென்னைக்குத் தென்னை கட்டிய கயிற்றில் நடந்து, பாளையைச் சீவி, முட்டியில் கள்ளை இறக்குகிறான் தொழிலாளி. தவறினால் உயிரில்லை. அக்கள்ளை வடித்து ஹல்மில்ல மரப் பீப்பாய்களில் முதிரவைப்பர். இன்று மலிவான வகைகளில் தென்னஞ் சாராயத்துடன் கரும்புப்பாகிலிருந்து வடித்த மதுசாரமும் கலக்கப்படுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாராயம் விற்கும் ஏகபோக உரிமையை ஆங்கில அரசு ஆண்டுதோறும் ஏலத்தில் விட்டது. அரசுக்கு வருவாய், குத்தகைக்காரருக்குப் பெரும்பொருள். இலங்கை முதலாளி வர்க்கத்தின் முதலீட்டுக்குச் சாராயக் குத்தகை முக்கிய ஊற்றாயிருந்தது என்பதைக் குமாரி ஜயவர்தன 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்குகிறார். டி சொய்சா குடும்பத்தின் செல்வமும் அத்தகையதே. குத்தகையில் திரண்ட பணம் கோப்பி, தென்னந் தோட்டங்களாக விரிந்தது. பம்பலப்பிட்டியின் வட எல்லையை அடுத்திருந்த அவர்களது மாளிகையில் 1870இல் அல்பிரட் இளவரசருக்கு விருந்தளிக்கப்பட்டது. மாளிகையும் அல்பிரட் ஹவுஸ் எனப் பெயர் மாறிற்று. அப்பெயரை அங்குள்ள தெருக்கள் இன்றும் தாங்குகின்றன. அச்செல்வத்தால் மருத்துவமனையும் கல்லூரியும் எழுந்தன என்பதையும் நேர்மையாகக் கூறவேண்டும். ஆனால் சீவியவன் பெயரில் அங்கே தெருவில்லை.

1912ஆம் ஆண்டு மதுவரிச் சட்டம் பழைய குத்தகை முறையை மாற்றியமைத்தது. ஆனால் அதன்கீழ்க் கள்ளுத் தவறணைகள் ஊர்தோறும் தோன்றவே, மதுவிலக்கு இயக்கம் பொங்கியெழுந்தது. சேனநாயக்க சகோதரரும் டி. பி. ஜயதிலக்கவும் அதில் முன்னின்றனர். 1915 கலவரத்தையொட்டிச் சிறையும் புகுந்தனர். அவர்களுக்காகச் சட்டசபையில் வாதாடியவர் பொன்னம்பலம் இராமநாதன். தேசிய உணர்ச்சிக்கு வித்திட்ட இயக்கம் அது. எனினும், தவறணையை மூடினால் சீவுபவன் குடும்பம் என்ன உண்ணும் என்ற கேள்வி அம்மேடைகளில் வலுப்பெறவில்லை.

யாழ்ப்பாணத்திலோ கொடுமைக்குச் சாதி அரண் செய்தது. சீவல் தொழிலாளி இறக்கிய கள்ளில் தீட்டில்லை. அவன் தொட்ட கிணற்றில் மட்டும் தீட்டு வந்தது! 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோவில் வாயிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் நிகழ்த்திய போராட்டம் இப்பொய்ம்மையை உலகறியச் செய்தது. பின்னர்ச் சீவல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களில் ஒன்றுதிரண்டனர். வடமராட்சியின் திக்கம் வடிசாலை அவ்வியக்கத்தின் கனி. தம் உழைப்பின் விலையைத் தாமே நிர்ணயிக்க அவர்கள் எடுத்த முயற்சி அது.

ஏழையும் கலக்கிறான். ஆனால் அவன் கலப்புக்குக் கசிப்பு என்று பெயர். அது சட்டவிரோதம் மட்டுமன்று, உயிர்க்கொல்லியுமாகலாம். 2024 ஜூனில் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் மெதனால் கலந்த சாராயம் அறுபதுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. மாண்டவருட் பலர் நாட்கூலிகள். மலிவான மயக்கத்தை நாடும்படி அவர்களைத் தள்ளிய வாழ்வை மாற்றாமல், காய்ச்சியவனை மட்டும் சிறையிலடைத்தால் இத்துயரம் தீராது.

மதுவைப் போற்றுவதோ, பொழுதுபோக்குபவரைப் பழிப்பதோ நம் நோக்கமன்று. கலப்பவர் தம் குறிப்பேட்டில் துளிகளையும் நாட்களையும் எழுதட்டும். அப்புட்டிக்குள் கயிற்றில் நடந்த கால்களும் பாளைக்கத்தி பிடித்த கையும் உள்ளன என்பதையும் அறிந்து எழுதட்டும். அக்கைக்கு உரிய கூலியும் மதிப்பும் கிடைக்கும்வரை இவ்வரலாறு முற்றுப்பெறாது.