எக்யூப்மென்ட்ஸ்: ஒரு ‘ஸ்’ஸின் வரலாறு

பென்னலூர்ப் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலைக்கு மென்பொருள் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. இரண்டாவது லைனில் இருக்கும் சோதனைக் கருவிகளைக் கழற்றச் சொல்லி கொரிய மேலாளர் மெயில் அனுப்பினார். ‘எக்யூப்மென்ட்ஸ்’ என்று எழுதியிருந்தார். ஷிஃப்டுக்கு ஃபார்வர்ட் பண்ணும்போது, இதுக்கு ‘ஸ்’ வராதே என்று நான் எடுத்துவிட்டேன். இலக்கணப்படி நான் செய்தது சரி. ஆனால் இருந்த மூன்றில் ஒன்றை மட்டும் கழற்றிவிட்டுப் போய்விட்டார்கள். மறுநாள் அரை நாள் லைன் நின்றது. “உங்க இங்கிலீஷ் கரெக்ட்தான் சார், எங்க வேலைதான் போச்சு” என்றார் சூப்பர்வைசர்.

அன்றிலிருந்து இந்த ‘ஸ்’ என்னை விடவில்லை. தேடிப் பார்த்ததில் கிடைத்தவை கீழே.

1998ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் சாண்ட்ரோ வெளிவந்தது முதலே இந்த வட்டாரத்தில் தமிழரும் கொரியரும் பேசிக்கொள்வது இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத ஆங்கிலத்தில்தான். இரண்டு பேரும் ‘இன்ஃபர்மேஷன்ஸ்’, ‘அட்வைசஸ்’ என்கிறோம். காரணமும் கிட்டத்தட்ட ஒன்றே. கொரிய மொழியில் ‘தெல்’ என்ற பன்மை விகுதி இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் கட்டாயமில்லை. நம்மிடமும் ‘பத்து மாடு’ போதும். ‘மாடு வந்தது’, ‘மாடு வந்தன’ இரண்டும் சரி. இப்படிப்பட்ட சொற்களுக்கு நன்னூல் ‘பால்பகா அஃறிணைப் பெயர்’ என்றே ஒரு பெயர் வைத்திருக்கிறது. ஆக, எண்ணக்கூடியது, எண்ணமுடியாதது என்று பெயர்ச்சொல்லையே இரண்டாகப் பிரித்து விகுதி போடும் வழக்கம் நமக்கும் இல்லை, அவர்களுக்கும் இல்லை. பன்மைக்கு ‘ஸ்’ என்று ஒரு விதி கற்றதும் எல்லாவற்றிலும் ஒட்டிவிடுகிறோம்.

இந்த ஒற்றுமையைப் போன நூற்றாண்டிலேயே ஒருவர் துருவியிருக்கிறார். 1886ல் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கக் கொரியா போன அமெரிக்கர் ஹோமர் ஹல்பர்ட். கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905ல் சியோலில் ஒரு இலக்கண நூலே வெளியிட்டார். இரண்டும் ஒரே குடும்பம் என்பதை இன்றைய மொழியியலாளர்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. அமைப்பு ஒத்திருந்தால் உறவு என்று அர்த்தமில்லை. சரி, உறவு இல்லாவிட்டாலும் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான்.

அகராதியில் பெயர்ச்சொல்லுக்குப் பக்கத்தில் ‘சி’, ‘யு’ என்று போட்டிருப்பார்களே, அதன் கதை இன்னும் சுவாரஸ்யம். ஆங்கிலம் தாய்மொழியானவருக்கு அது தேவையே இல்லை. 1922ல் டோக்கியோ போய் ஆங்கிலக் கல்வி ஆய்வில் இறங்கிய ஹரால்ட் பால்மர், 1938ல் வெளியிட்ட சொல் இலக்கண நூலில் இந்தப் பிரிவைக் காட்டினார். அவர் வழியில் ஏ.எஸ். ஹார்ன்பி, கேட்டன்பி, வேக்ஃபீல்ட் மூவரும் உருவாக்கிய அகராதி 1942ல் டோக்கியோவில் வந்தது. அதையே 1948ல் ஆக்ஸ்ஃபோர்ட் மறுபதிப்பாக்கியது. ஜப்பானிய மொழியிலும் பன்மை கட்டாயமில்லை. அதாவது, நம்மைப் போல விழுந்தவர்களுக்காகவே வந்த குறி அது! என் பள்ளியில் ‘மெட்டீரியல் நவுன்’ என்று தங்கம், இரும்பு சொன்னதோடு சரி. எக்யூப்மென்ட் அந்தப் பட்டியலில் இல்லை.

கொரியருக்கு ஒரு வசதி உண்டு. அவர்கள் எண்ணும்போது அலகுச் சொல் சேர்ப்பார்கள்: ‘ஜொங்ஈ செ ஜாங்’, அதாவது காகிதம் மூன்று தாள். ஆங்கிலத்தின் ‘த்ரீ ஷீட்ஸ் ஆஃப் பேப்பர்’ இதே வேலையைத்தான் செய்கிறது, வரிசை மட்டும் மாறுகிறது. ‘த்ரீ பீசஸ் ஆஃப் எக்யூப்மென்ட்’டும் அப்படியே. அவருடைய மொழியிலேயே இருந்த பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்திருக்கலாம். நான் ‘ஸ்’ஸை மட்டும் பிடுங்கினேன், அதில் இருந்த எண்ணிக்கையும் கூடவே போனது.

அந்த மேலாளரிடம் பிறகு நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். படிவத்தில் ‘எத்தனை’ என்று ஒரு கட்டம் சேர்த்தோம். அதை நிரப்பாமல் மெயில் போகாது.